நிலம் அறக்கட்டளைக்கு, வீடு நமக்கு: காரைக்குடிப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே, மெயின் ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு நில அறக்கட்டளை நடத்தும் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். மழைக்காலமும் கோடையும் இருந்து பார்த்தாகிவிட்டது. என்னோடு தையல் கடையில் வேலை பார்த்தவர்கள், வீட்டுக்காரரோடு லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், மதுரையில் இருக்கும் நாத்தனார் என்று பலரும் போன் போட்டு, "அங்கே சேரலாமா, கடைசியில் ஏமாற்றிவிட மாட்டார்களே?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். குடியிருப்பின் பெயரைப் போடவில்லை. மொத்தமே பதினான்கு வீடுகள். பெயர் சொன்னால் யார் எவர் என்று தெரிந்துவிடும், மற்ற வீட்டுக்காரர்கள் அதை விரும்பவில்லை.

இருக்க வீடு வேண்டும், உழ நிலம் வேண்டும், பிள்ளைகள் காலத்திலும் யாரும் கிளப்பிவிடக் கூடாது என்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. இடத்தை வாங்கிப் போட்டு, பைபாஸ் வந்ததும் விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. இதைப் புரிந்துகொள்ளாமல் சேர்ந்தால் பின்னால் மனக்கசப்புத்தான் வரும்.

ஏற்பாடு இதுதான். பதினாறு ஏக்கரும் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. பாதி நிலம் வெளிநாட்டில் இருக்கும் ஒரு செட்டியார் குடும்பம் கொடுத்தது, மீதியைக் கிரயத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். அந்த நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிந்திருக்கிறது. நமக்கு 5 சென்ட் வீட்டு மனையும் 40 சென்ட் விவசாய நிலமும் நீண்ட காலக் குத்தகைக்குத் தருகிறார்கள். மனைமேல் நிற்கும் வீடு மட்டும் நம்முடையது. மீதி நிலமெல்லாம் பொது: ஊருணி, களம், மாட்டுக்கு மேய்ச்சல், தோப்பு, எல்லோரும் சேர்ந்து பயிர் செய்யும் வயல்.

பணக் கணக்கு. வீடு கட்ட ஆன செலவு 5,40,000 ரூபாய். முதலில் 1,50,000 கட்டினோம். என் இரண்டு சங்கிலியும் வீட்டுக்காரர் எடுத்த சீட்டும் அதற்குப் போயின. மீதி 3,90,000 ரூபாயைப் பத்து வருடத்தில் மாதம் 3,250 வீதம் கட்ட வேண்டும். வட்டி கிடையாது. நாங்கள் கட்டும் பணம் ஒரு நிதியில் சேர்ந்து அடுத்த வீடுகளுக்குப் போகிறது. மனைக்குக் குத்தகை மாதம் 150, வயலுக்கு வருடத்துக்கு 1,200. இதற்கு முன் செஞ்சைப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 5,500 வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். 50,000 முன்பணம் தனி. பதினோரு மாதம் முடிந்தால் வாடகை ஏறுமா, காலி பண்ணச் சொல்வார்களா என்ற கவலை எப்போதும் இருக்கும். கழனிவாசல் பக்கம் மனை வாங்கலாம் என்று விசாரித்தபோது, ஒரு சென்ட்டுக்குச் சொன்ன விலையே எங்களால் ஒரு வருடத்தில் மிச்சம் பிடிக்க முடியாத தொகை.

சேர்வதற்கு முன் குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள், அவசரமே இல்லை" என்று சொன்னார்கள். இடம் விற்கிற யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. தேவகோட்டையில் ஒரு வக்கீல் அம்மாவிடம் காட்டினோம். அவர் வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு விதியையும் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கினார். இனி நான் சொல்வதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது.

குத்தகைக் காலம் 29 வருடம் 11 மாதம். ஏன் இந்தக் கணக்கு என்றால், தமிழ்நாட்டில் 30 வருடத்துக்குள் இருக்கும் குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். அதைத் தாண்டி 99 வருடம் வரை போனால் 4 சதவீதம். காலம் முடிந்ததும் அதே நிபந்தனையில் புதுப்பித்துக்கொள்வது குடியிருப்பவரின் உரிமை, அறக்கட்டளை மறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. மற்ற நாடுகளில் இந்த மாதிரி அறக்கட்டளைகள் ஒரேயடியாக 99 வருடம் எழுதுவதுதான் வழக்கம். கூடுதலாகச் செலவானாலும் 99 என்று ஒரே பத்திரமாக இருந்தால் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு நிம்மதி. கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

பத்திரத்தில் குடும்பத் தலைவியின் பெயர்தான் முதலில் வரும். நாகப்பட்டினம் பக்கம் கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரில்தான் பதிந்தார்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்த கொடுமைக்குப் பிறகு அந்த மண்ணிலேயே தங்கி வேலை செய்தவர்கள் அவர்கள். எங்கள் பத்திரத்தில் இந்த விதி அங்கிருந்து வந்தது என்று அறக்கட்டளையின் செயலாளர் சொன்னார். என் பெயரில் ஒரு பத்திரம் பதிவானது அதுதான் முதல் தடவை. வாரிசு விதியும் அப்படியே: எங்களுக்குப் பிறகு மகனோ மகளோ, யார் இங்கே வந்து குடியிருந்து பாடுபடுவார்களோ அவர்களுக்குப் போகும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு இல்லை என்ற பேச்சே கிடையாது.

அடுத்த விதியைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் உயிர். நிலத்தை யாரும் அடகு வைக்க முடியாது. அறக்கட்டளையும் முடியாது, நாமும் முடியாது. இதற்குச் செயலாளர் சொன்ன காரணத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1951-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமில்லாதவர்களுக்காகக் காந்தியவாதி வினோபா பாவே கேட்டபோது ஒருவர் 100 ஏக்கர் கொடுத்தார், அதில் பூதான இயக்கம் பிறந்தது. பிறகு நிலம் முழுவதும் ஊருக்கே பொது, உழுகிறவர் உழுதுகொள்ளலாம் என்று கிராமதானமாக அது வளர்ந்தது. அதையும் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், ஓட்டுரிமை கேட்டதற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்காக, கறுப்பின உரிமைப் போராளி சார்லஸ் ஷெராட் போன்றவர்கள் 1969-இல் ஏறத்தாழ 5,700 ஏக்கர் வாங்கி ஒரு பொது நில அமைப்பைத் தொடங்கினார்கள். மழை பொய்த்தது. அரசாங்க விவசாயக் கடன் மற்ற விவசாயிகளுக்குக் கிடைத்தது போல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் அத்தனை நிலமும் கடனுக்குப் போய்விட்டது. நிறத்தைப் பார்த்துத்தான் கடனில் ஓரவஞ்சனை செய்தார்கள் என்று 2009-இல் தீர்ப்பாகி, 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. ஆனால் போன நிலம் போனதுதான். வறட்சியும் கடனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் தாத்தாவின் ஒன்றரை ஏக்கர் ஒத்திக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. அதனால் அடகு வைக்க முடியாத நிலம் என்றதும் நான் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டேன்.

வெளியேறும் விதியைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டை வெளியாளுக்கு விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. அறக்கட்டளையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காகக் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். அதோடு, அதே வீட்டை அன்றைக்குக் கட்ட என்ன ஆகும் என்று பொறியாளரை வைத்துக் கணக்குப் போட்டு, கூடியிருக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கு தருவார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் 1984-இல் தொடங்கிய அறக்கட்டளை வீட்டு மதிப்பு உயர்வில் 25 சதவீதம் தருகிறது. அந்தக் கணக்கைப் பார்த்து வைத்தார்களாம். நிலத்தின் விலை ஏற்றத்தில் நமக்குப் பங்கு கிடையாது. இது நியாயமா என்று வீட்டுக்காரர் நெடுநாள் யோசித்தார். நிலத்துக்கு நாங்கள் விலை கொடுக்கவே இல்லையே, அடுத்து வருகிற குடும்பமும் அதே 1,50,000-ஐக் கொண்டு உள்ளே வர வேண்டுமே என்று நான் சொன்னேன். சரி என்றார். ஆனால் இதில் ஒரு நடைமுறைக் குறை உண்டு. திருப்பூர் வேலைக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்துக்குப் பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அடுத்த குடும்பம் வந்து முன்பணம் கட்டிய பிறகுதான் கொடுக்க முடிந்தது. இதற்கென்று தனியாகக் கொஞ்சம் நிதி ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும்.

இனி வீடு. என் அம்மா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டவர். வீட்டுக்குச் சொந்தமான ஆச்சி குடும்பம் சென்னையில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் முகப்புக் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பின்கட்டில் ஓர் அறையில் நாங்கள். அத்தனை தூணையும் வளவையும் துடைத்துப் பெருக்கி வளர்ந்தவள் நான். பங்காளிகள் கூடிப் பேசி வீட்டை இடிக்கக் கொடுத்தபோது எங்கள் அறையும் சேர்ந்துதான் போனது. அதனால் வீடு கட்டுவதில் எது நிற்கும், எது பூச்சு என்று எனக்குக் கொஞ்சம் கண் உண்டு.

இந்த வீடு 420 சதுர அடி, அதற்கு வெளியே ஒரு திண்ணை. சுவர் செம்பூராங்கல், புதுக்கோட்டைப் பக்கம் வெட்டி வந்தது. உள்ளே சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த தண்ணீர் விட்டு அரைத்தார்கள். பெரிய வீடுகளில் பூசுவார்களே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி, அதற்கெல்லாம் கட்டுப்படியாகாது; இரண்டு கைப் பூச்சோடு நிறுத்திவிட்டார்கள், அதுவே போதும். கூரைக்கு, இடித்த வீடுகளின் பழைய நாட்டு ஓடு. ஜன்னலும் வாசல்காலும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இருந்து வாங்கியது. சுற்றுலாக்காரர்கள் கேட்கும் செதுக்கு வேலைத் தூண்களுக்குத்தான் அங்கே விலை. வேலைப்பாடு இல்லாத பழைய தேக்கு ஜன்னல் மலிவாகக் கிடைக்கிறது, புது மர ஜன்னலைவிடப் பல மடங்கு உழைக்கும். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சட்டம் வைத்து வண்ணத்தை ஊற்றி, ஆத்தங்குடி மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்துக் காய வைக்கும் கல். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். சில மூலையில் பூ வேலையில் ஒன்றிரண்டு பிசகிய கற்களைத் தள்ளுபடியில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், எனக்கு அது உறுத்தவில்லை.

வெயில் காலத்தில் உள்ளே குளிர்ச்சி. செஞ்சை வீட்டில் கான்கிரீட் கூரைக்குக் கீழே சித்திரை மாதம் தூங்கவே முடியாது. இங்கே பகலில் மின்விசிறி இல்லாமலே உட்கார்ந்து தைக்கிறேன். குறையும் உண்டு. முதல் ஐப்பசி அடைமழையில் மேற்குப் பக்கம் ஓட்டு இடுக்கில் ஒழுகியது. ஆள் வந்து ஓடு மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் வருடா வருடம் புரட்டாசிக்குள் ஓடு பிரித்து அடுக்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கழிப்பறை வீட்டைவிட்டு நாலு எட்டு தள்ளி இருப்பது வயதானவர்களுக்குச் சிரமம்; என் மாமியாருக்காக உள்ளே ஒன்று கட்ட அனுமதி கேட்டு, கூட்டத்தில் சரி சொல்லவே மூன்று மாதம் இழுத்தது.

கூட்டம் என்றேன். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒருவராவது வர வேண்டும். அறக்கட்டளையின் குழுவில் ஒன்பது பேர்: குடியிருப்பவர்கள் மூன்று, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மூன்று, விவரம் தெரிந்த வெளியாட்கள் மூன்று. நாம் மட்டுமே இருந்தால் நாளைக்கு நாமே கூடி நிலத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம். வெளியாட்கள் மட்டுமே இருந்தால் நம்மைக் கேட்க நாதி இருக்காது. இந்த மூன்று பங்கு ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முடிவு எடுக்க நேரமாகிறது. வயலில் சோலார் மோட்டார் பழுதானபோது யாரைக் கூப்பிடுவது என்று பேசி முடிப்பதற்குள் கத்தரிச் செடி பாதி காய்ந்தது. இவ்வளவு ரூபாய்க்குள் என்றால் செயலாளரே முடிவெடுக்கலாம் என்று இப்போது விதியை மாற்றியிருக்கிறோம்.

தண்ணீர் விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். செட்டிநாட்டில் குடியேறுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். செம்மண்ணும் சரளையுமான மேட்டு பூமி. ஆறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் சித்திரையில் வாயில் தண்ணீர். அதனால்தான் நம் பக்கம் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தார்கள். இந்த நிலத்தில் இருந்த பழைய ஊருணி சீமைக்கருவேல் அடைந்து கிடந்ததாம். வீடு கட்டுவதற்கு முன்பே அதைத்தான் தூர் வாரி, வரத்துக்கால் சீர் செய்து, கரையில் வேலி போட்டிருக்கிறார்கள். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, செருப்போடு படியில் இறங்கக் கூடாது. தேற்றாங்கொட்டையை உரசி விட்டுத் தெளிய வைத்துக் குடிக்கிறோம். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய என் வீட்டுக்காரரே இந்தத் தண்ணீரைக் குறை சொல்லவில்லை. பங்குனியில் மட்டம் இறங்கும்போது வீட்டுக்கு இத்தனை குடம் என்று கட்டுப்பாடு வரும். அப்போது மற்ற உபயோகத்துக்கு ஊராட்சிக் குழாய்தான். வருடத்தில் ஒரு நாள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரைக்கு மண் போட்டுத் தர வேண்டும், பழைய குடிமராமத்து மாதிரி.

வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர். எங்கள் நிலம் கடைமடை. மேல்மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் நமக்கு. முதல் வருடம் இதில் பேச்சு வார்த்தை தடித்தது. கண்மாயை நம்பியிருக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று பேர் குழுவில் இருந்ததால்தான் அது சண்டையாகாமல் நின்றது. கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக்கு எங்கள் பங்குக் கூலி நெல்லை முன்கூட்டியே பேசி முடித்தார்கள். அதோடு நிலத்துக்குள்ளேயே ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறது. தை மாதம் கண்மாய் கைவிட்டாலும் ஒன்றிரண்டு தண்ணீருக்குத் தாங்கும்.

விவசாயத்தில் உப்பு உரமும் (ரசாயன உரம்) பூச்சி மருந்தும் போடக் கூடாது. இது குத்தகை நிபந்தனை. மீறினால் முதலில் எச்சரிக்கை, தொடர்ந்தால் வயலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வீட்டைத் தொட மாட்டார்கள். பல வருடம் தரிசாகக் கிடந்த சரளை மண். கருவேல வேர் எடுத்த பிறகு பார்த்தால் மண்ணில் உயிரே இல்லை. ஆட்டுக்கிடை போட்டார்கள்: ஆடி மாதம் கீதாரி ஒருவர் ஆடுகளோடு வந்து ராத்திரிக்கு ராத்திரி ஒவ்வொரு வயலாக அடைத்தார். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். நான் 25 சென்ட்டில் கருப்புக் கவுனி நெல் போட்டேன், மீதியில் நிலக்கடலையும் காய்கறியும். கவுனி ஐந்து மாதப் பயிர். ஆள் உயரம் வளரும், காற்று பலமாக அடித்தால் சாய்ந்துவிடும். புரட்டாசியில் போட்டு மாசியில் அறுத்தோம். இலைச்சுருட்டுப் புழு வந்தபோது பக்கத்து ஊரில் எல்லோரும் மருந்து அடித்தார்கள், நான் ஐந்திலைக் கரைசலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கொஞ்சம் போனது, கொஞ்சம் நின்றது. முதல் வருடம் மூன்று மூட்டை தேறவில்லை. அடுத்த வருடம் நான்கு மூட்டை வந்தது. கவுனிக்கு நம் ஊரில் எப்போதும் ஆள் உண்டு, செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசிப் பாயசம் இல்லாமல் இருக்காது. அதனால் விற்பதில் கஷ்டம் இல்லை. ஐம்பது கிலோ அரிசி விற்றேன், மீதி வீட்டுக்கு. முந்தின இரவே ஊறப் போட்டால்தான் வேகும் என்பதை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

40 சென்ட்டில் குடும்பம் பிழைத்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார், நான் தைக்கிறேன். வயல் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் உதவுகிறது. இன்னொரு பெரிய தொல்லை மயில். விதைத்த கடலையைக் கிளறித் தின்னும், கதிர் வந்த நெல்லை இழுக்கும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொடவும் கூடாது. விடிகாலையும் சாயங்காலமும் ஆள் நின்று விரட்டுவதுதான் வழி. முறை வைத்து நிற்கிறோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சிரமம். வயல்களைச் சுற்றிப் பொதுவாக ஒரு வலை வேலி போட அறக்கட்டளை இதுவரை பணம் ஒதுக்கவில்லை. இதில் எனக்கு வருத்தம்தான்.

யாரெல்லாம் பக்கத்து வீட்டில் இருப்பார்கள் என்று கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் சாதி கேட்பதில்லை. எந்த வீடு யாருக்கு என்பது குலுக்கலில். ஊருணி ஒன்று, படித்துறை ஒன்று, களம் ஒன்று. இடம் பார்க்க வந்த ஒரு பெரியவர், "இந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருக்குத் தம்பி?" என்று கேட்டார். செயலாளர், "குலுக்கலில் யாருக்கு வருதோ அவங்களுக்குங்க ஐயா" என்றார். அவர் திண்ணையில் உட்காரக்கூட இல்லை, கிளம்பிவிட்டார். நம் மாவட்டத்தில் ஊருணிப் படியில் யார் இறங்கலாம் என்பதற்கே சண்டை நடந்திருக்கிறது. இங்கே காலையில் நாங்கள் எல்லோரும் ஒரே படியில் குடத்தை வைக்கிறோம். என்னிடம் கேட்டால், வட்டியில்லாத தவணையைவிட எனக்கு இது பெரிது. இதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் தயவுசெய்து விண்ணப்பிக்காதீர்கள்.

பெரிய குறை எது என்றால், அரசாங்கக் காகிதங்களில் இப்படி ஒரு குடியிருப்பாளர் இருக்கிறார் என்பதே தெரியவில்லை. பட்டா அறக்கட்டளை பெயரில். அதனால் மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் 1,20,000 ரூபாய் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சொந்த மனைக்குச் சான்று கேட்டார்கள். விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான். காரைக்குடியில் ஒரு வங்கியில் தையல் மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனேன். குத்தகைப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீடு உங்களது, இடம் உங்களது இல்லையா? அப்படி ஒரு வீட்டை நாங்கள் எப்படி எழுதுவதும்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அதிகாரி. கடைசியில் மகளிர் குழுவில்தான் வாங்கினேன். அறக்கட்டளை இதற்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர் ஊருக்கு இப்படி அறக்கட்டளைகள் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் இதற்காகத்தான் குரல் கொடுக்க வேண்டும். நிலத்தை அள்ளிக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கொடுக்க இன்னும் மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் நிலமும் நிறைய இருக்கிறது. அப்படி வருகிற நிலத்தில் குடியேறும் குடும்பத்துக்கு அரசாங்கம் ஒரு சான்று கொடுத்தால் போதும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். டவுன் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள்ளே நடக்க வேண்டும். ராத்திரி அவசரம் என்றால் வண்டி வைத்திருக்கும் வீட்டைத்தான் எழுப்ப வேண்டும். கொசு உண்டு. மாடி கட்ட முடியாது. மகனுக்குக் கல்யாணமானால் அறை ஒன்று கூடுதலாகக் கட்ட அனுமதி வாங்க வேண்டும்.

சேர நினைப்பவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, சித்திரை வெயிலில் ஒரு தடவையும் கார்த்திகை மழையில் ஒரு தடவையும் இடத்தை வந்து பாருங்கள். இரண்டு, மாதக் கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். வெளியாட்களையும் உட்கார விடுகிறார்கள். மூன்று, பத்திரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கும் வக்கீலிடம் காட்டி, வெளியேறும் விதியையும் புதுப்பிக்கும் விதியையும் வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இப்போது இருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம், இவ்வளவுதான் கேட்கிறார்கள். காலி வீடு இப்போது இல்லை, காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் போகும். அடுத்த ஆறு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்துக்குக் காசு கிடையாது. பட்டியலில் முன்னால் தள்ளிவிடுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் நேரே என்னிடம் சொல்லுங்கள், செயலாளரிடம் அழைத்துப் போகிறேன்.